ஃபிளிண்ட் குன்றுகளின் சரளைப் பாதைகளில் மிதிவண்டியின் டயர் ஏன் அடிக்கடி கிழிகிறது?

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திலுள்ள அக்குன்றுகளின் பெயரிலேயே விடை இருக்கிறது. ஃபிளிண்ட் என்றால் சிக்கிமுக்கிக் கல். அங்குள்ள சுண்ணாம்புப் பாறை காலப்போக்கில் மழைநீரில் கரைந்துபோக, அதனுள் பொதிந்திருந்த கடினமான சிக்கிமுக்கிக் கற்கள் மட்டும் எஞ்சி, கத்தி போன்ற விளிம்புகளுடன் பாதையெங்கும் கிடக்கின்றன. ஏர் பூட்ட இடம்தராத இந்தக் கல்நிலம்தான் அங்குள்ள உயரமான புற்கள் வளரும் புல்வெளியை உழவிலிருந்து காப்பாற்றியது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

எம்போரியா நகரில் 2006இல் தொடங்கிய, ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளமுள்ள சரளைப்பாதை மிதிவண்டிப் பந்தயம் இவ்வழியேதான் செல்கிறது. ஏற்றங்கள் குறுகியவை, ஆனால் ஓயாதவை.

குறைந்தது 40 மில்லிமீட்டர் அகலமுள்ள, ட்யூப் இல்லாத டயரில் சிறு துளைகளைத் தானே அடைக்கும் திரவத்தை ஊற்றிக்கொண்டு, ஓடையை நோக்கி இறங்கும் சரிவுகளில் வேகத்தைக் குறையுங்கள். அகலமான டயரைவிட இந்த நிதானமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.