‘அவருக்கே முடியலையே’ என்று சொல்லும் தம்பிக்கு என்ன பதில்?

மனநல மருத்துவர் பதில்கள்

கேள்வி: அமெரிக்க நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014-இல் தற்கொலை செய்துகொண்டார். பணமும் புகழும் ஆஸ்கர் விருதும் அன்பான குடும்பமும் இருந்த, உலகத்தையே சிரிக்க வைத்த மனிதருக்கு என்ன குறை? அவர் மறைந்த பிறகு மனச்சோர்வைப் பற்றி எல்லோரும் பேசினார்களே, அதனால் பயன் ஏதேனும் உண்டா?

பதில்: குறை உள்ளவருக்குத்தான் மனச்சோர்வு வரும் என்று நாம் நம்புவதால்தான் ‘அவருக்கு என்ன குறை’ என்று கேட்கத் தோன்றுகிறது. வேலையிழப்பும் பிரிவும் கடனும் அந்த நோயைத் தூண்டக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி எந்தக் காரணமும் இல்லாமலே, பரம்பரைக் கூறாலோ மூளையிலும் உடலிலும் ஏற்படும் மாற்றங்களாலோ அது வருவதும் உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேலாக, ஏறக்குறைய நாள் முழுவதும் மனம் துவண்டு கிடப்பது, முன்பு பிடித்தது எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, தான் எல்லோருக்கும் பாரம் என்ற எண்ணம் வலுப்பது ஆகியவை அதன் முக்கிய அடையாளங்கள்.

மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்கு விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். மனம் மிகவும் கனப்பதும் அந்த நேரத்தில்தான். எழுந்து பல் துலக்குவதற்கே தம்மைத் தாமே இழுத்துச் செல்ல வேண்டியிருக்கும். மாலையில் அந்தக் கனம் சற்றுக் குறைவதால், அப்போது பார்க்க வரும் நண்பர், ‘நன்றாகத்தானே பேசினார், சிரித்தாரே’ என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார். அந்தச் சிரிப்பு பொய்யில்லை என்றாலும், நோய் இல்லை என்பதற்கு அது சான்றாகாது. மேடையில் நின்று பிறரைச் சிரிக்க வைப்பவருக்கும் இதே கதைதான்.

ராபின் வில்லியம்ஸைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2014 ஆகஸ்ட் 11 அன்று, 63 வயதில் அவர் இறந்தபோது, கடுமையான மனச்சோர்வால் அவதிப்பட்டு வந்தார் என்ற செய்தி முதலில் வெளியானது. அவருக்குப் பார்க்கின்சன் நோயின் தொடக்க நிலை கண்டறியப்பட்டிருந்ததைச் சில நாட்களில் அவருடைய மனைவி தெரிவித்தார். பின்னர் வெளியான பிரேதப் பரிசோதனை முடிவில், மூளை முழுவதும் பரவிய லூயி பாடி டிமென்ஷியா என்ற மறதிநோய் இருந்தது தெரியவந்தது. காரணம் புரியாத பயம், பதற்றம், தூக்கமின்மை, வசனம் நினைவில் நிற்காத தவிப்பு என்று அவர் கடைசி மாதங்களில் பட்ட பாட்டை அவருடைய மனைவி 2016-இல் ஒரு நரம்பியல் மருத்துவ இதழில் விரிவாக எழுதினார். மனச்சோர்வும் இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்றாக வரக்கூடியது. ஆகவே, ‘மனச்சோர்வுதான் அவரைக் கொன்றது’ என்று ஒரே வரியில் முடிப்பதும், ‘எல்லாம் இருந்தும் ஏன்’ என்று வியப்பதும் அவர் பட்ட துன்பத்தை அறியாமல் பேசுவதாகும். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் தேடுவதே பெரும்பாலும் தவறாகத்தான் முடிகிறது.

பயனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பயனும் இருந்தது, பெரும் கேடும் விளைந்தது. அவர் இறந்த செய்தி பரவியதும் அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழைப்புகள் வழக்கத்தைவிட மிக அதிகமாக வந்தன. அதுவரை வாயே திறக்காத பலர் தங்கள் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலான ஐந்து மாதங்களில், அமெரிக்காவில் தற்கொலைகள் எதிர்பார்க்கப்பட்டதைவிட ஏறத்தாழ 10 சதவீதம், அதாவது 1,800-க்கும் மேல், கூடியதாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதிலும் ஆண்களிடையேயும், 30 முதல் 44 வயது வரையிலானவர்களிடையேயும் இந்த உயர்வு அதிகம். அவர் இறந்த விதத்தைச் செய்திகள் நுணுக்கமாக விவரித்ததையும், ஆஸ்கர் அகாடமி அலாதீன் படத்தில் அவர் குரல் கொடுத்த பூதத்தை நினைவூட்டி ‘நீ விடுதலை பெற்றாய்’ என்ற பொருளில் பதிவிட்டதையும் தற்கொலைத் தடுப்புப் பணியில் இருப்பவர்கள் அப்போதே கண்டித்தார்கள். அன்பு மிகுதியால் எழுதிய வரிதான் அது. ஆனால் அதே நேரத்தில் சாவை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவர் கண்ணில் பட்டால், அது வழிகாட்டுவது போலாகிவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில், சுரங்க ரயில் நிலையங்களில் நடந்த தற்கொலைகளைப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதிவந்த நிலையில், 1987-இல் நெறிமுறைகள் வகுக்கப்பட்டு அவை அடக்கி எழுதத் தொடங்கியதும், ஆறே மாதங்களில் அங்கு அத்தகைய தற்கொலைகள் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. 1994-இல் அமெரிக்க ராக் பாடகர் கர்ட் கோபேன் தற்கொலை செய்துகொண்டபோது, அவர் வாழ்ந்த சியாட்டிலில் அஞ்சலிக் கூட்டத்திலேயே உதவி மையத்தைப் பற்றிச் சொன்னார்கள். அவருடைய மனைவி தம் வேதனையையும் கோபத்தையும் மறைக்காமல் வெளிப்படுத்தினார். அங்கு உதவி மையத்துக்கு வந்த அழைப்புகள்தாம் கூடின. அஞ்சியபடி தற்கொலைகள் கூடவில்லை. இறந்த விதத்தை நான் இங்கு எழுதாமல் விட்டிருப்பதும் இதனால்தான்.

கேள்வி: நான் கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். என்னோடு இருக்கும் 34 வயதுத் தம்பி ராபின் வில்லியம்ஸின் தீவிர ரசிகன். சில வாரங்களாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, வேலைக்கும் ஒழுங்காகப் போவதில்லை, அவருடைய படங்களையே இரவெல்லாம் பார்க்கிறான். அன்றொரு நாள், ‘அவருக்கே முடியலையேக்கா, நான் எம்மாத்திரம்?’ என்றான். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேட்டால், நானே தூண்டிவிட்டது போலாகிவிடுமா, டாக்டர்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: ஆகாது, அம்மா. இன்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் தொடர்ந்து சொல்கின்றன. பெரும்பாலும் உள்ளே அடக்கிவைத்திருப்பவருக்கு, ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதல்தான் கிடைக்கிறது. உங்கள் தம்பி சொன்ன வாக்கியம் ஏறக்குறைய ஒரு வேண்டுகோள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், டிவியை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ‘நீ அன்னைக்குச் சொன்னது என் மனசுலயே நிக்குதுடா. உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?’ என்று நேராகக் கேளுங்கள். ‘அப்படியெல்லாம் ஒண்ணும் நினைக்கலையே?’ என்று கேட்டால், இல்லை என்ற பதிலை நீங்களே அவன் வாயில் ஊட்டிவிடுகிறீர்கள். கேட்ட பிறகு பொறுமையாக இருங்கள். அவன் பேச ஐந்து நிமிடம் ஆகலாம். ‘அப்பா அம்மாவை நினைச்சுப் பார்த்தியா?’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தான் பாரம் என்று ஏற்கெனவே நம்புகிறவனுக்கு அது இன்னொரு குற்றச்சாட்டாகத்தான் விழும்.

ஆம் என்று சொன்னால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறானா என்றும் கேளுங்கள். திட்டம் இருக்கிறது என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். உடனே அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசும் வசதியும் உண்டு. அவனைப் பற்றிக் கவலைப்படும் நீங்களும் அந்த எண்ணில் பேசலாம். ஆபத்து கண்முன் நிற்கிறது என்றால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதை வெளியே கொடுத்து வைப்பதும், மாத்திரைகளைப் பூட்டிவைப்பதும் பலன் தரும் முன்னெச்சரிக்கைகள். தற்கொலை உந்துதல் உச்சத்தில் இருக்கும் நேரம் பலருக்குக் குறுகியது. அந்த நேரத்தில் கையெட்டும் தொலைவில் எதுவும் இல்லாமல் இருப்பதே பல உயிர்களைக் காத்திருக்கிறது.

இல்லை என்று சொன்னாலும், நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளுக்கே சிகிச்சை தேவை. குடும்ப மருத்துவரிடமிருந்தே தொடங்கலாம். தைராய்டு கோளாறு போன்ற உடல் காரணங்களை அவர் பரிசோதித்துப் பார்ப்பார். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் முழுப் பலன் தரப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். சிலருக்கு மனம் தெளியும் முன்பே உடலில் தெம்பு வந்துவிடுவதால், தொடக்க வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். பலனில்லை என்று பத்தாம் நாளே நிறுத்துபவர்களையும், தேறியதும் தாமாகவே விட்டுவிடுபவர்களையும் நான் அடிக்கடி பார்க்கிறேன், இரண்டுமே ஆபத்து.

அவனுடைய ஒப்பீட்டுக்கும் பதில் சொல்லுங்கள். ராபின் வில்லியம்ஸின் மூளையில் இருந்த நோய் என்னவென்று அவர் உயிரோடு இருந்தவரை அவருக்கே தெரியாது. அந்த நோயை முற்றிலும் குணப்படுத்தும் சிகிச்சை இன்றும் இல்லை. உங்கள் தம்பிக்கு இருப்பது மனச்சோர்வு என்றால், அது சிகிச்சையால் பெரும்பாலோருக்குத் தேறக்கூடியது. அவர் முடிவு இவனுடைய முடிவு ஆக வேண்டியதில்லை என்பதை அவனுக்குப் புரியும்படி, தேவையானால் பலமுறை, சொல்லுங்கள். படங்களைப் பறித்து வைக்க வேண்டாம். கூட உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: ‘அந்த மாமா எப்படிச் செத்துப்போனார்?’ என்று ராபின் வில்லியம்ஸைப் பற்றி என் ஒன்பது வயது மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: பொய் சொல்லாதீர்கள், பிறகு வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொள்வாள். மூளையில் வந்த நோயால் மிகவும் துன்பப்பட்டார், அதனால் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்று சொன்னால் போதும். எப்படி என்ற விவரம் அவளுக்கு வேண்டாம். அவளுக்கு எப்போதாவது மனம் தாங்க முடியாமல் கனத்தால் யாரிடம் சொல்வாள் என்று கேட்டு, அவள் சொல்லும் பெயர்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.