செக் நாட்டுல பிராக் தவிர ஒரே ஒரு சின்ன ஊர் பாக்கணும்னா எங்க போகலாம்?

எல்லாரும் செஸ்கி க்ரும்லோவ் போகச் சொல்லுவாங்க, நல்ல ஊர்தான், ஆனா கூட்டம் தாங்காது. என்னைக் கேட்டா க்ர்ஷ்டினி போங்க. செக் நாட்டோட ரெண்டாவது பெரிய நகரமான பிர்னோல இருந்து வடகிழக்கா சுமார் 15 கி.மீ., காட்டுக்கு நடுவுல, 800 பேரு மாதிரி இருக்குற ஊரு. கிராமத்துக்கும் டவுனுக்கும் நடுவுல, அந்தக் காலத்துல சந்தை நடத்த உரிமை வாங்கின ஊர்களுக்கு அங்க மெஸ்டிஸ்னு ஒரு அந்தஸ்து உண்டு, கம்யூனிஸ்ட் ஆட்சியில அது வழக்கொழிஞ்சு போயி 2006ல மறுபடி சட்டத்துல வந்துச்சு, இதுவும் அப்படி ஒரு மெஸ்டிஸ்தான்.

பஸ்ஸ விட்டு இறங்குனதும் கண்ணுல படுறது மாதா கோயில். இத்துனூண்டு ஊருக்கு இவ்ளோ பெரிய சர்ச்சான்னு தோணும். காரணம், இது ரொம்ப காலமாவே யாத்திரை ஊரு, பிர்னோ பக்கத்து ஸாபர்டோவிட்செ மடத்துக்காரங்க கையில இருந்துச்சு, காசுக்குக் குறையில்ல. டிசைன் பண்ணவர் யான் சாண்டினி. கால் ஊனம், அதனால அப்பாவோட கல்தச்சு வேலைய எடுத்துக்க முடியாம ஆர்க்கிடெக்ட் ஆனவர். 1723லயே, 46 வயசுல போயிட்டாரு, அவர் பிளான வச்சு 1728ல ஆரம்பிச்சு 1750 வாக்குல முடிச்சாங்க. நாலு பக்கமும் சமமா நீளுற சிலுவை வடிவம், நடுவுல குவிமாடம், உள்ள அவ்ளோ வெளிச்சம்.

ஆனா என் கணக்குல இந்த ஊரோட சரக்கெல்லாம் பூமிக்கு அடியிலதான் இருக்கு. 1991ல சர்ச்சுக்குக் கீழ நோண்டிப் பாத்தப்ப ஆயிரம் பேரு மாதிரி எலும்பு குவிஞ்சு கிடந்துச்சு, அதுல 12 மண்டையோட்டுல மட்டும் கறுப்பு மையில இலை வளையமும் நெத்தியில ‘T’ மாதிரி ஒரு குறியும் வரைஞ்சிருக்கு. ஏன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க, எதுவும் முடிவாகல. இப்ப அதப் பாக்க விடுறாங்க, பயந்த சுபாவம்னா மேலயே நின்னுக்கோங்க.

அடுத்து ஊருக்குப் பக்கத்துல வீபுஸ்டெக் குகை. குகைக்கரடி எலும்பெல்லாம் கிடைச்ச இடம், 1920கள்ல உரத்துக்காக பாஸ்பேட் மண்ண வெட்டி எடுத்தே பாதிய நாசம் பண்ணிட்டாங்க. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரங்க உள்ள ஃபேக்டரி போட்டாங்க, அப்புறம் செக்கோஸ்லோவாக்கியா ராணுவம் ரகசிய பங்கர் கட்டுச்சு. 2008லதான் நம்மள மாதிரி ஆளுங்களுக்குத் திறந்து விட்டாங்க. சுண்ணாம்புக் குகையும் பங்கரும் ஒரே டூர்ல பாத்துடலாம், நான் பாத்ததுல வேற எங்கயும் இப்படி இல்ல.

நடக்கத் தெம்பிருந்தா ஓடைய ஒட்டியே அடாமோவ் பக்கமா போங்க, வழியில பீச்சி ஸ்காலா குகை வரும். 1872ல வாங்கெல்னு ஒரு டாக்டர் தோண்டி இரும்புக்காலத்து எலும்புக்கூடு, நகை, வண்டிப் பாகம்னு அள்ளிட்டாரு. ஆனா வருஷத்துல சில நாள்தான் திறப்பாங்க, தேதி பாத்துட்டுப் போங்க. அங்க கிடைச்ச ஃபேமஸான குட்டி வெண்கலக் காளைய மட்டும் அங்க தேடாதீங்க, அதுக்கு வியன்னா மியூசியத்துக்குத்தான் டிக்கெட் எடுக்கணும்.