மருத்துவர் பதில்கள்: சத்துப் பரிசோதனையும் ஏ.டி.ஹெச்.டி.யும்

கேள்வி: எங்கள் மகனுக்கு எட்டு வயது. ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவும் மிகை இயக்கமும் உள்ள கோளாறு) இருப்பதாக மதுரையில் குழந்தை மனநல மருத்துவர் உறுதிசெய்து, மாத்திரை தொடங்கலாம் என்றார். அதற்கு முன் காரைக்குடியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் சத்துகளுக்கான ரத்தப் பரிசோதனை செய்தோம். துத்தநாகமும் வைட்டமின் டி-யும் குறைவு என்று தடித்த எழுத்தில் வந்தது, ஹீமோகுளோபின் 11.9, ஃபெரிட்டின் 11, இரண்டும் இயல்பு என்று இருந்தது. இப்போது துத்தநாக சிரப் கொடுக்கிறோம். கவுனி அரிசியும் முருங்கைக்கீரையுமே போதும், மாத்திரை வேண்டாம் என்கிறார் அவனுடைய அப்பத்தா. சத்தைச் சரிசெய்தால் மாத்திரையைத் தவிர்க்கலாமா? இரவில் தூங்காமல் காலை உதறிக்கொண்டே இருக்கிறான் என்பதையும் சொல்ல வேண்டும்.
— ஒரு தாய், தேவகோட்டை

பதில்: தங்கள் மகனின் அறிக்கையில் முதலில் கவனிக்க வேண்டிய எண், தடித்த எழுத்தில் அச்சாகாத ஃபெரிட்டின்தான். உடலில் சேமிப்பில் உள்ள இரும்புச்சத்தின் அளவை அது காட்டுகிறது. பல பரிசோதனைக் கூடங்கள் குழந்தைகளுக்கு 7-லிருந்தே இயல்பு என்று அச்சிடுவதால் 11 என்பது அவர்கள் கணக்கில் தப்பிவிடுகிறது. ஆனால் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 15-க்குக் கீழ் இருந்தால் குறைபாடு என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. இந்த வயதில் ஹீமோகுளோபின் 11.5-க்கு மேல் இருந்தால் ரத்தசோகை இல்லை என்பது உண்மைதான். ஆனால் சேமிப்பு தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் குறையத் தொடங்கும் என்பதால், அதை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதற்கில்லை.

இரும்பு இங்கே ஏன் முக்கியம் என்றால், கவனத்தோடு தொடர்புடைய டோபமைன் மூளையில் உருவாவதற்கு அது தேவை. கால் உதறலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு: கால்களை ஓயாமல் அசைக்கத் தூண்டும் தூக்கக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு, ஃபெரிட்டின் 50-க்குக் கீழ் இருந்தாலே மருத்துவர்கள் இரும்புச்சத்து கொடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். தூக்கம் கெட்ட குழந்தை மறுநாள் வகுப்பில் எப்படி இருக்கும் என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரும்புச்சத்தைச் சரிசெய்தால் மாத்திரையே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குச் சான்று கிடையாது. பிரான்சில் ஃபெரிட்டின் குறைந்த ஏ.டி.ஹெச்.டி. குழந்தைகளுக்கு 12 வாரம் இரும்புச்சத்து கொடுத்துப் பார்த்து 2008-இல் வெளியான ஆய்வில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 23 பேர்தான். ஆகவே குறைபாட்டைக் குறைபாடு என்பதற்காகவே சரிசெய்யுங்கள். மதுரை மருத்துவர் சொன்ன சிகிச்சையை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

இரும்பு மருந்தின் அளவைக் குழந்தையின் எடையைப் பார்த்து மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும், அளவு மீறினால் அது நஞ்சாகிவிடும். பள்ளியில் வாரம் ஒருமுறை ரோஸ் நிற இரும்பு மாத்திரை வாங்குகிறான் என்றால் அதையும், குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடி பாருங்கள். காய்ச்சல், சளி உள்ள வாரத்தில் பார்த்தால் அந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும்.

துத்தநாகத்தைப் பொறுத்தவரை, ரத்தம் எடுத்த நேரம், அதற்கு முன் சாப்பிட்டது, உடம்பில் இருந்த தொற்று ஆகியவற்றைப் பொறுத்தே அந்த எண் மாறும். ஏ.டி.ஹெச்.டி. குழந்தைகளுக்குத் துத்தநாகம் கொடுத்துப் பார்த்த ஈரான், துருக்கி ஆய்வுகளில் அது ஓரளவு பலன் தந்தது. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாகத் தெரியவில்லை. நீண்ட நாள் அதிகமாகக் கொடுத்தால் உடலில் தாமிரம் குறையும். எனவே மருத்துவர் எழுதித் தராத அந்த சிரப்பை நிறுத்திவிட்டு, அவரிடம் கேளுங்கள். வைட்டமின் டி குறைவையும் அவரிடம் காட்டிச் சரிசெய்யுங்கள், ஆனால் எலும்புக்காக. அதனால் கவனம் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அப்பத்தாவின் யோசனையில் பாதி நல்லதுதான். கவுனி அரிசியும் கீரையும் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் தாவர உணவிலுள்ள இரும்பு உடலில் குறைவாகவே சேரும் என்பதால் கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும், காபி, டீ சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். அசைவம் உண்ணும் வீடு என்றால் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) இதற்குக் கீரையைவிடக் கைகொடுக்கும்.

கேள்வி: தலைமுடியை அனுப்பினால் எந்தத் தாதுச்சத்து குறைவு என்று கண்டறிந்து, ஏ.டி.ஹெச்.டி.க்கு ஏற்ற மாத்திரைகளும் அனுப்புகிறார்களாம். செய்யலாமா?
— ஒரு தந்தை, கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம். ஷாம்பு, எண்ணெய், தண்ணீர், தூசி என எல்லாமே முடியில் படிவதால் அந்த எண்களை வைத்துச் சிகிச்சை செய்ய முடியாது. பரிசோதனை செய்பவரே மாத்திரையும் விற்கிறார் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அத்தகைய கலவைகளில் வைட்டமின் பி6 மிகுதியாக இருந்து, நீண்ட காலம் சாப்பிட்டால் கை, கால் நரம்புகள் பாதிக்கப்படலாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் அந்த டப்பாவின் லேபிளை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.