பட்டறை கேள்வி-பதில்: மீட்டர் இறங்கினால் போதுமா?

கேள்வி: எங்கள் லாரி பழைய ஆறு சிலிண்டர் டர்போ, இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒரு எலிமென்ட் என வரிசையாக உள்ள டீசல் பம்ப்). பம்ப் சரிசெய்யும் பம்ப் ரூமில் டீசல் அளவைக் கூட்டி, நாசிலையும் பெரிய துளை உள்ளதாக மாற்றினோம். லோடுடன் தொப்பூர் ஏற்றத்தில், டர்போவுக்கு முன் வைத்த எக்ஸாஸ்ட் மீட்டர் 740 டிகிரி செல்சியஸ் தொடுகிறது. டைமிங்கை (டீசல் பீய்ச்சும் நேரத்தை) 4 டிகிரி அட்வான்ஸ் செய்தால், அதாவது முன்கூட்டினால், சூடு இறங்கும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
*வாசகர், சங்ககிரி*

பதில்: சூடு இறங்கும். ஆனால் அதை நம்பித்தான் பலர் இன்ஜினைக் கெடுத்துக்கொள்கிறார்கள். டீசல் முன்கூட்டியே எரிந்தால் எக்ஸாஸ்ட் வால்வு திறப்பதற்குள் வெப்பத்தில் பெரும்பகுதி பிஸ்டனைத் தள்ளுவதில் செலவாகிவிடும், மீட்டர் குறைத்துக் காட்டும். அதே நேரத்தில் பிஸ்டன் மேலே இருக்கும்போதே அழுத்தம் உச்சிக்கு ஏறுகிறது. அந்த அழுத்தத்தைக் காட்ட உங்கள் வண்டியில் மீட்டரே கிடையாது. ஹெட் கேஸ்கெட், ரிங் பள்ளங்களுக்கு இடையிலான விளிம்பு, கனெக்டிங் ராடு பேரிங் என்று ஒவ்வொன்றாகப் போன பிறகுதான் தெரியவரும்.

நீங்கள் செய்த மாற்றங்களையும் கணக்கில் எடுங்கள். சாதாரண ஹெலிக்ஸ் பிளஞ்சரில் (சாய்வு வெட்டுள்ள, டீசலைத் தள்ளும் தண்டு) அளவைக் கூட்டினால் டீசல் தொடங்கும் நேரம் மாறாது, முடியும் நேரம்தான் தள்ளிப்போகும். பிந்தி எரியும் அந்த வால்தான் எக்ஸாஸ்டைச் சுட வைக்கிறது. பெரிய துளை நாசில் அதே டீசலைச் சீக்கிரம் கொட்டிவிடுவதால் வால் குறையும், ஆகவே அதிக அட்வான்ஸ் தேவைப்படாது. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) கூடினால் டீசல் பற்றிக்கொள்ளும் தாமதமும் குறைகிறது. நாசில் திறக்கும் அழுத்தத்தைக் கூட்டியிருந்தால் மட்டும் இன்ஜெக்ஷன் சற்றுப் பிந்தும்.

முதலில் காற்றைப் பாருங்கள். கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு, இன்டர்கூலர் ஹோஸ் கசிவு, பூஸ்ட் குறைவு இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். இவை சரியாக இருந்தும் தொடர் ஏற்றத்தில் 700-ஐத் தாண்டினால் பம்ப் ரூமில் டீசலைக் குறையுங்கள். டைமிங் அதற்கு மருந்தல்ல.

அடுத்து, இப்போதைய டைமிங் எத்தனை டிகிரி என்று அளந்து தெரிந்துகொள்ளுங்கள். கிராங்க் முனையில் உள்ள டேம்பர் சக்கரத்தின் விட்டம் 300 மி.மீ. என்றால் விளிம்பில் 2.6 மி.மீ. ஒரு டிகிரி. ஆறாவது சிலிண்டரின் வால்வுகள் ஆடும்போது முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் டிடிசியில் (பிஸ்டன் உச்சியில்) இருக்கும். அங்கிருந்து கிராங்க்கை 40 டிகிரி பின்னே கொண்டுபோங்கள். முதல் எலிமென்ட்டின் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு ஹோல்டரை மாட்டி, வளைந்த குழாய் பொருத்துங்கள். ஆக்சிலரேட்டர் முழு அளவில், ஸ்டாப் லீவர் ஓடும் நிலையில் இருக்கட்டும். ஆனால் ராக் (டீசல் அளவை மாற்றும் தண்டு) ஸ்டார்ட்டுக்கான கூடுதல் டீசல் நிலைக்குப் போகக் கூடாது; சில பிளஞ்சர்களில் அங்கே ரிடார்டு வெட்டு (டீசலைப் பிந்தித் தொடங்க வைப்பது) உண்டு, கணக்கு பிசகிவிடும். ஒருவர் ஹேண்ட் பிரைமரை அடிக்க, கிராங்க்கை ஓடும் திசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். தாரை நின்று 15-20 விநாடிக்கு ஒரு சொட்டு என்றாகும் இடம்தான் ஸ்பில் பாயிண்ட்; அது டிடிசிக்கு எத்தனை டிகிரி முன்னே என்பதே உங்கள் டைமிங். தாண்டிவிட்டால் அப்படியே பின்னே திருகி நிறுத்தாதீர்கள், கியர் இடைவெளி பொய் சொல்லும். கால் சுற்று பின்னே போய் மறுபடி முன்னே வாருங்கள்.

இந்த எண்ணைக் கம்பெனி அளவோடு ஒப்பிட்டு, குறைவாக இருந்தால் அதற்குக் கொண்டுவாருங்கள். ஃப்ளாஞ்ச் பம்ப்பில் பாடியை ஷாஃப்ட் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ். பம்ப் பாதி வேகத்தில் சுழல்வதால் பாடியில் 1 டிகிரி என்பது கிராங்க்கில் 2 டிகிரி, மறக்க வேண்டாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் கிராங்க்கில் 1 டிகிரி கூட்டி அதே ஏற்றம், அதே லோடில் பாருங்கள். 2-ஐத் தாண்டாதீர்கள். 1200-1400 ஆர்பிஎம்மில் லோடு இழுக்கும்போது ‘டக் டக்’ என்று கடினமான சத்தம், ஸ்டார்ட்டில் எதிர் உதை, ரேடியேட்டர் கழுத்தில் குமிழி, இவற்றில் எது வந்தாலும் உடனே பின்வாங்குங்கள். மெக்கானிக் சொன்ன 4-ஐ நான் செய்யமாட்டேன்.

கேள்வி: பம்ப் மாட்டிய பிறகு காலையில் வெள்ளைப் புகை, இழுவையும் இல்லை. டைமிங்கா?
*வாசகர், நாமக்கல்*

பதில்: வெள்ளைப் புகை எரியாத டீசல். சூடானதும் புகை மறைந்து இழுவை சரியாகிவிட்டால் நாசில், கம்ப்ரஷனைப் பாருங்கள். சூடான பிறகும் இழுவை இல்லையென்றால் டைமிங் ரிடார்டு ஆகியிருக்கும், பெரும்பாலும் கியரில் பல் பிசகுதான். பம்ப் கியரில் 60 பல் இருந்தால், ஒரு பல் தவறினால் கிராங்க்கில் 12 டிகிரி. கியர் டேப்பர் ஷாஃப்ட்டில் இருந்தால் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து மாட்டினார்களா என்று கேளுங்கள். பசை இருந்தால் நட்டு இறுக்கமாக இருந்தும் கியர் வழுக்கும்.

கேள்வி: பி.எஸ்.6 வண்டியிலும் இப்படி மாற்றலாமா?
*வாசகர், கரூர்*

பதில்: அதில் திருப்ப பம்ப் ஃப்ளாஞ்ச் இல்லை, நேரத்தை ஈசியூதான் (இன்ஜின் கணினி) முடிவு செய்கிறது. அதிலுள்ள மேப்பை மாற்றி அட்வான்ஸ் செய்தால் நாக்ஸ் (புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள்) கூடும், சென்சார் அதைப் பிடித்து இழுவையைக் குறைத்துவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் சிக்கல். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் அதையே முதலில் கேட்பார்.