அண்ணனுக்குக் கடிதம்: நாலு வரிக்கு அப்புறம் என்ன எழுதுவது?

கேள்வி: சிங்கப்பூரில் தோ பாயோவில் வசிக்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய என் அண்ணன் பட்டுக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். காது கேட்காமல் போனதிலிருந்து போனில் பேச முடியவில்லை. வாட்ஸ்அப்பும் அவருக்குப் பழக்கமில்லை. கடிதம் எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. இரண்டு கடிதம் போட்டேன், முதலாவதுக்குத்தான் பதில் வந்தது. எப்படித் தொடர்வது?

பதில்: ‘நலம், நலமறிய ஆவல்’ நல்ல தொடக்கம்தான். அதோடு நின்றுவிடுவதுதான் சிக்கல். அண்ணனுக்கு உங்களுடைய ஒரு நாள் முழுக்க வேண்டும். தேக்கா சந்தையில் முருங்கைக்காய் என்ன விலை விற்றது, பேரப்பிள்ளை தமிழ்ப் பாடத்தில் எந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டான், மழையில் துணி காயாமல் என்ன பாடுபட்டீர்கள் என்று எழுதுங்கள். அப்புறம் கேள்வி கேளுங்கள். ‘எல்லாரும் சௌக்கியமா?’ என்று கேட்டால் ‘சௌக்கியம்’ என்று ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். ‘கொல்லைக் கிணற்றில் இப்போது தண்ணீர் எத்தனை உறையில் நிற்கிறது? அம்மா வற்றல் குழம்புக்கு மணத்தக்காளி போடுவார்களா, சுண்டைக்காயா?’ என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் சிறு வயதை நினைவு வைத்திருப்பவர் இனி அவர்தான். அவரிடம் மட்டுமே இருக்கும் பதிலைக் கேட்டால் பேனாவை எடுப்பார்.

பதிலுக்குப் பதில் என்று கணக்கு வைக்காதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு என்று ஒரு நாளை வைத்துக்கொண்டு, பதில் வந்தாலும் வராவிட்டாலும் எழுதுங்கள். கடிதத்தின் தலையில் 1, 2, 3 என்று எண் போட்டால், நடுவில் ஒன்று தவறினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். ஒட்டுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். என்ன கேட்டோம் என்பது மறந்துபோகாது.

அவர் எழுதியும் வந்து சேராமல் போயிருக்கலாம். இன்லேண்ட் லெட்டர் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும், சிங்கப்பூருக்கு வராது. முகவரியை ஆங்கிலத்தில் எழுதுவதும் அந்த வயதில் சிரமம். சிங்கப்பூரில் 1995 முதல் அஞ்சல் குறியீடு 6 இலக்கம். அது உங்கள் புளோக் வரை கொண்டுவந்துவிடும். மாடி எண்ணும் வீட்டு எண்ணும் இல்லாவிட்டால், கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் எது உங்களுடையது என்று தபால்காரருக்கு எப்படித் தெரியும்? உங்கள் முகவரியை ஐந்தாறு ஒட்டுத்தாள்களில் அச்சடித்து அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள். அவர் உறையில் ஒட்டினால் போதும்.

நீங்கள் போடும் உறையில் கிராமம், அஞ்சல், வட்டம், மாவட்டம், பின்கோடு எல்லாம் வேண்டும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன. பட்டுக்கோட்டை பக்கம் பின்கோடு 614 என்று தொடங்கும். கடைசி வரியில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஊர்த் தபால்காரருக்காகத் தமிழிலும் முகவரியை ஓர் ஓரத்தில் எழுதலாம்.

தபால் கட்டணம் எடையைப் பொறுத்தது. சாதாரண 80 கிராம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம் எடை. மூன்று தாளும் மெல்லிய உறையும் 20 கிராமுக்குள் அடங்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே மழைக்காலம், மைப்பேனா வேண்டாம், பால்பாயிண்டில் பெரிதாக எழுதுங்கள். சாதாரணக் கடிதத்துக்குள் பணம் வைக்கவே கூடாது.

சரி, இந்த மாதக் கடிதத்துக்கு 3 என்று எண் போடுங்கள். இரண்டாவது கிடைத்ததா என்று முதல் வரியிலேயே கேட்டுவிடுங்கள்.