சனிக்கிழமை காலை மட்டும் வரும் வயிற்றுவலி

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. ஒரு வருடமாக உதைபந்தாட்டப் பயிற்சிக்குப் போகிறான், ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தான். கணவரும் இளவயதில் நன்றாக விளையாடியவர். மகனின் மேட்ச் ஒன்றையும் தவறவிடமாட்டார், ஆனால் கோட்டோரம் நின்று முழு நேரமும் சத்தம் போடுவார், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிழை சொல்லிக்கொண்டே வருவார். பின்னேரங்களில் முற்றத்தில் வைத்துத் தலையால் பந்து முட்டவும் பழக்குகிறார். மகனை அரைவாசி நேரம் வெளியே இருத்தி வைக்கிறார்கள் என்று பயிற்றுவிப்பாளர் மீதும் அவருக்குக் கோபம். இப்போது மேட்ச் உள்ள சனிக்கிழமைகளில் காலையிலேயே மகனுக்கு வயிற்றுவலி வருகிறது. பேசாமல் நிறுத்திவிட்டு ரியூசனுக்கு அனுப்பவா? – ஒரு தாய், உப்புவெளி

பதில்: சகோதரி, இப்போதைக்கு நிறுத்த வேண்டாம். பயிற்சி நாட்களில் வராத வயிற்றுவலி மேட்ச் நாளில் மட்டும் வருகிறதென்றால் பிள்ளைக்குப் பந்தில் வெறுப்பு வரவில்லை, மேட்ச் நாளில் நடக்கிற ஏதோ ஒன்றுக்குத்தான் பயப்படுகிறான். வேறு நாட்களிலும் வலித்தால் டொக்டரிடம் காட்டுங்கள், அது வேறு விஷயம்.

உங்கள் கணவர் பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான் கத்துகிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மைதானத்துக்குள் நிற்கும் பிள்ளையின் பக்கம் இருந்து பாருங்கள். பந்து காலுக்கு வருகிறது, எதிரணிப் பையன் ஓடி வருகிறான், முடிவெடுக்க ஒரு செக்கன்தான் இருக்கிறது. அந்தப் பக்கமிருந்து பயிற்றுவிப்பாளர் “நிறுத்து, பார், பாஸ் குடு” என்கிறார், இந்தப் பக்கமிருந்து அப்பா “தூக்கி அடி!” என்கிறார், எதைச் செய்தாலும் யாரோ ஒருவரிடம் பேச்சு வாங்க வேண்டும். அப்படி மாட்டிக்கொள்ளும் பிள்ளை கொஞ்ச நாளில் பந்து தன்னிடம் வராத இடமாகப் பார்த்து ஒதுங்கி நிற்கப் பழகிவிடும். அதைப் பார்த்து அப்பா இன்னும் கத்துவார்.

அதைவிட மோசம் திரும்பி வரும் வழி. திருகோணமலை மக்கெய்சர் மைதானத்திலிருந்து உப்புவெளிக்கு மோட்டார் சைக்கிளில் அப்பாவின் பின்னால் இருந்து வருகிற பிள்ளைக்கு இறங்கி ஓடவும் முடியாது, அப்பாவின் முகம் பார்த்துப் பதில் சொல்லவும் முடியாது, உடம்பு களைத்துப்போய் இருக்கும், தோற்றிருந்தால் அழுகை தொண்டையில் நிற்கும். தன் பிழைகள் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த நேரத்தில் சொல்லும் எந்த அறிவுரையும் உள்ளே போகாது, மனம் மட்டும் நோகும். வழியில் ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்து, “நீ விளையாடுறதைப் பார்க்கச் சந்தோசமா இருந்தது” என்று சொன்னால் போதும். மேட்சைப் பற்றிக் கதைப்பதா இல்லையா என்பதை மகன் தொடங்கட்டும். அன்றிரவு சாப்பிடும்போது அவனாகவே தொடங்குவான், அல்லது தொடங்கமாட்டான், இரண்டும் சரிதான்.

இதைக் கணவரிடம் பிள்ளைக்கு முன்னால் சொல்லாதீர்கள். தனியே இருக்கும்போது, வயிற்றுவலியிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள், ‘நீங்கள் செய்வது பிழை’ என்பதிலிருந்து தொடங்கினால் அவர் கேட்கமாட்டார். அப்புறம், கத்தாமல் இரு என்று மட்டும் சொன்னால் விளையாடி வளர்ந்த மனிதருக்குக் கை கால் சும்மா இருக்காது, அவருக்கு ஒரு வேலை வேண்டும். தண்ணீர் நிரப்புவது, இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுப்பது, தூரத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, இப்படி எந்தக் குழுவிலும் ஆள் இல்லாத வேலைகள் நிறைய இருக்கும். கோல் விழுந்தால் கைதட்டட்டும், எதிரணி நன்றாக விளையாடினாலும் தட்டட்டும். மத்தியஸ்தரைத் திட்டுவது மட்டும் வேண்டாம், அதை மறுநாளே பிள்ளைகள் அப்படியே திருப்பிச் சொல்வார்கள்.

தலையால் முட்டும் பயிற்சியை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் 2015 இலேயே 10 வயதுக்கும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் முட்டுவதை நிறுத்தியது, 11 முதல் 13 வயது வரை பயிற்சியில் அதற்கு அளவு வைத்தது. இங்கிலாந்திலும் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது வேண்டாம் என்று 2020 இல் வழிகாட்டல் வந்தது. முற்றத்தில் விளையாட வேண்டுமென்றால் இரண்டு காலாலும் பந்தை அடக்கிப் பழகட்டும், அதுவும் மகன் கேட்டால் மட்டும். வீட்டில் இருப்பது பெரியவர்களின் 5 ஆம் இலக்கப் பந்தா என்று பாருங்கள், அவன் வயதுக்கு 4 ஆம் இலக்கம்தான் பொருத்தம். மேட்சில் தலை அடிபட்டுத் தலைசுற்று, வாந்தி, குழப்பம் என்று ஏதாவது தெரிந்தால் அன்று திரும்ப இறங்கவே கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்.

வெளியே இருத்தி வைப்பதைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் மேட்ச் நாளில் கேட்காதீர்கள், ஒரு பயிற்சி நாள் முடிந்த பிறகு கேளுங்கள். “ஏன் இறக்கவில்லை” என்பதை விட “எதில் முன்னேற வேண்டும் சேர்” என்ற கேள்விக்குத்தான் உருப்படியான பதில் வரும், மகனே கேட்டால் இன்னும் நல்லது. இந்த வயதில் ஒரே வகுப்புப் பையன்களுக்குள்ளேயே உடல் வளர்ச்சியில் இரண்டு மூன்று வருட வித்தியாசம் இருக்கும். இன்று நெட்டையாக நின்று எல்லோரையும் தள்ளிவிட்டு ஓடும் பிள்ளையை மற்றவர்கள் 15, 16 வயதில் எட்டிப் பிடித்துவிடுவார்கள். உங்கள் மகன் சிறிய உருவமாக இருந்தால் அதை வைத்து யாரும் அவன் திறமையை முடிவு செய்ய வேண்டாம், அப்பா உட்பட.

ரியூசன் விஷயம். இரண்டும் நடக்கட்டும், நேரத்தை மட்டும் சரி செய்யுங்கள். ரியூசன் முடிந்து ஓடி வந்து பாதியில் சேரும் பிள்ளை தொடக்க உடற்பயிற்சியைத் தவறவிடுகிறது. அதை அற்பமாக நினைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கென உருவாக்கிய ‘11+ கிட்ஸ்’ என்ற ஃபிஃபாவின் தொடக்க உடற்பயிற்சி முறையை 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் நான்கு ஐரோப்பிய நாடுகளில் செய்து பார்த்தபோது காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. புள்ளி குறைந்தால் பயிற்சியை வெட்டுகிற தண்டனையும் வேண்டாம், அவனை நம்பி ஒரு குழு நிற்கிறது.

சின்ன விஷயங்களும் இருக்கின்றன. வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிய பூட்ஸ் வாங்குவது நம் எல்லோருக்கும் வழக்கம், ஆனால் கால் உள்ளே வழுக்கிக் கொப்புளம் வரும், திரும்பும்போது கணுக்கால் பிசகும். ஷின் கார்ட் (முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தைக் காக்கும் தகடு) இல்லாமல் மேட்சுக்கு விடாதீர்கள், விளையாட்டு விதியே அதைக் கட்டாயமாக்கி இருக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் நாலு மணிக்கும் வெயில் தணியாது, தண்ணீரை வீட்டிலேயே குடிக்கத் தொடங்கட்டும். மேட்சுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பே சாப்பாடு முடியட்டும். குதிக்காலிலோ முழங்காலுக்குக் கீழேயோ நோவு என்றால் சாட்டு என்று தள்ளாதீர்கள், வளரும் வயதில் எலும்பு வளரும் இடங்களில் அந்த நோவு உண்மையாகவே வரும், ஓய்வு கொடுக்க வேண்டும்.

அடுத்த மூன்று நான்கு மேட்சுகளுக்கு அப்பா அமைதியாக இருந்து பார்க்கட்டும். அதற்குப் பிறகும் சனிக்கிழமை வயிறு வலித்தால் மகனிடம் நீங்கள் தனியாக, டச்சு வளைகுடாப் பக்கம் நடந்துகொண்டே கேளுங்கள். குழுவில் யாராவது கேலி செய்கிறார்களா, யாராவது அடிக்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். நிறுத்த வேண்டும் என்று அவனே சொன்னால், இந்தப் போட்டிப் பருவம் முடியும் வரை விளையாடிவிட்டுப் பயிற்றுவிப்பாளரிடம் அவனே நேரில் சொல்லி நன்றி கூறி வரட்டும். கேலியோ அடியோ நடந்திருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.