வேலியோரச் செடிகளும் வயிற்றுக் கோளாறும்: கேள்வி பதில்

ஐயா, பசியே எடுக்கவில்லை என்று பிரண்டைத் துவையல் அரைத்தேன். நாக்கு, தொண்டையெல்லாம் ஒரே நமைச்சல். நன்றாகத்தானே வதக்கினேன்?

பிரண்டையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. வதக்கினால் மட்டும் அவை போய்விடாது. முற்றின தண்டைப் பறித்திருந்தாலோ புளி குறைந்திருந்தாலோ இப்படித்தான் ஆகும்.

நுனியிலிருந்து மூன்று நான்கு கணு வரைதான் பறிக்க வேண்டும். நகத்தால் கிள்ளினால் பட்டென்று ஒடிவதே இளசு. வளைந்து நார் இழுத்தால் விட்டுவிடுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுக்களை வெட்டி எறிந்து, நான்கு விளிம்பிலும் உள்ள நாரை உரித்துவிட்டுப் பொடியாக நறுக்குங்கள்.

நறுக்கியது 1 கப் என்றால் நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி. சிறுதீயில், பச்சை நிறம் முழுக்க மாறிச் சுருளும் வரை தனியாக வதக்க வேண்டும். பருப்போடு சேர்த்துப் போட்டால் பருப்பு கருகும், பிரண்டை வேகாது. உளுந்து 2 மேசைக்கரண்டி, வரமிளகாய் 4, பெருங்காயம், ஒரு துண்டு இஞ்சி இவற்றைத் தனியே வறுத்துக்கொண்டு, பெரிய நெல்லிக்காயளவு புளியும் உப்பும் வைத்து அரையுங்கள். புளியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பிரண்டைப் பக்கமே போக வேண்டாம்.

சுண்டை வற்றல் போட்டால் உள்ளே கறுத்துப் பூசணம் பிடிக்கிறது. ஏன்?

காயை முழுதாக ஊறப்போட்டிருப்பீர்கள். தோல் கெட்டி, மோர் உள்ளே இறங்காது. ஒவ்வொரு காயையும் லேசாகத் தட்டி வாய் பிளக்க வைத்து, தண்ணீரில் அலசினால் பாதி விதை போய்விடும், கசப்பும் குறையும். அரைக் கிலோ காய்க்கு அரை லிட்டர் புளித்த மோர், 3 மேசைக்கரண்டி கல்லுப்பு. இரவு ஊறட்டும். காலையில் காயை மட்டும் எடுத்து வெயிலில் பரப்பி, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போடுங்கள். மோர் வற்றும் வரை இப்படியே. பிறகு கலகலவென்று சத்தம் வரும் வரை காய வேண்டும். மழை மாதத்தில் இந்த வேலையே வேண்டாம்.

வில்வப்பழம் வயிற்றுப்போக்கை நிறுத்துமா, மலத்தை இளக்குமா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே.

இரண்டும் சரி. போக்குக்கு உதவுவது பழுக்காத, முற்றாத காய். உள்சதையைச் சீவி நிழலில் உலர்த்திப் பொடித்து, 1 தேக்கரண்டி (சுமார் 3 கிராம்) மோரில் கலந்து காலை, மாலை குடிக்கலாம். நன்றாகப் பழுத்தது மலத்தை இளக்கும். போக்கு இருக்கும்போது பழத்தைச் சாப்பிடுவதுதான் பலர் செய்கிற தவறு. எதைக் கொடுத்தாலும், 1 லிட்டர் கொதித்தாறிய நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கூடவே குடிக்கக் கொடுங்கள். மலத்தில் ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

நிலாவாரைப் பொடி தினமும் எடுக்கிறேன். இப்போது அது இல்லாமல் மலம் போவதில்லை, அண்ணா.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு அது. இலையிலுள்ள சென்னோசைடு பெருங்குடலைத் தூண்டி, 6 முதல் 12 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். தினமும் தூண்டினால் குடல் தானாக இயங்க மறுக்கும், உடம்பில் பொட்டாசியமும் இறங்கும். எப்போதாவது அரைத் தேக்கரண்டி, இரவில் வெந்நீரில், முறுக்கு வலி வராதிருக்க ஒரு சிட்டிகை சுக்கோடு. ஒரு வாரத்துக்கு மேல் கூடாது. கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். உங்கள் பழக்கத்தை மருத்துவர் மேற்பார்வையில் விடுவதே நல்லது.

மூன்று மாதக் குழந்தைக்கு வயிறு உப்புசம். வசம்பு சுட்டு உரசி நாக்கில் தடவலாமா, அக்கா சொல்கிறார்?

வேண்டாம். வசம்பிலுள்ள பீட்டா-அசரோன் நஞ்சு என்பதால்தான் அமெரிக்கா 1968-லேயே உணவில் சேர்க்கத் தடை விதித்தது. கையில் வசம்பு வளையல் கட்டினாலும் குழந்தை அதைத்தான் சப்பும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பால் கொடுத்ததும் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடச் செய்யுங்கள்.

பொடுதலையை எப்படி அடையாளம் காண்பது?

வாய்க்கால் ஓரத்தில் தரையோடு படரும், கணுவுக்குக் கணு வேர் விடும். இலையின் மேல் பாதியில்தான் பல் இருக்கும். பூ குட்டித் திப்பிலி மாதிரி, வெள்ளையும் ஊதாவுமாக. நெய்யில் வதக்கித் துவையலாக அரைக்கலாம். சாக்கடை ஓரத்திலோ, மருந்தடித்த வரப்பிலோ பறிக்காதீர்கள்.